பொருட்காட்சி முடிந்த பிறகும் நிற்கும் கோபுரம்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவைப் பார்க்காதவர் எங்கள் தேனிப் பக்கத்தில் குறைவு. அக்கினிச் சட்டி ஏந்தி வருவோர் ஒரு பக்கம், முல்லையாற்றில் முழுகி எழுவோர் ஒரு பக்கம், ராட்டினத் திடலை நோக்கி ஓடும் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று இரவு பகல் தெரியாத கூட்டம். ஆனால் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்து அதே திடலுக்குப் போயிருக்கிறீர்களா? கம்பம் நட்ட குழிகள் இருக்கும். கொட்டகை நின்ற இடத்தில் புல் வெளுத்துக் கிடக்கும். அவ்வளவு பெரிய ராட்டினம் இருந்த இடம் இதுதானா என்று சந்தேகம் வரும். அது மரை கழற்றப்பட்டு, துண்டு துண்டாக லாரியில் ஏறி, வேறோர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கும்.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்திருந்த என் அக்கா மகள், ராட்டினத்தைப் பிரிப்பதைக் கடைசிவரை நின்று பார்த்தாள். எட்டாம் வகுப்பு மாணவி. அடுத்த மாதம் நான் சென்னை போனபோது அண்ணா நகர்க் கோபுரப் பூங்காவுக்கு அவளை அழைத்துச் சென்றேன். இந்தக் கோபுரமும் ஒரு பொருட்காட்சிக்காகக் கட்டியதுதான் என்று சொன்னேன். உடனே கேட்டாள்: “பொருட்காட்சி முடிஞ்சதும் இத ஏன் மாமா பிரிக்கல?”

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல எனக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், உலகத்தின் புகழ்பெற்ற கட்டிடங்கள் சிலவற்றின் வரலாறே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. வாருங்கள், சற்று விரிவாகவே பார்ப்போம்.

ராட்டினத்தின் பூர்வீகம்

முதலில் அந்த ராட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு தொட்டில் கட்டிய மர ராட்டினம் நம் நாட்டில் வெகு காலமாக உண்டு. ஆனால் வானளாவிய இரும்பு ராட்டினம் ஓர் உலகப் பொருட்காட்சியில் பிறந்தது. 1889ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஈஃபெல் கோபுரம் எழுந்தது. அதற்கு ஈடாக எதைக் கட்டுவது என்று 1893இல் பொருட்காட்சி நடத்திய அமெரிக்க நகரமான சிகாகோ தவித்தது. அப்போது ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பாலப் பொறியாளர், “கோபுரத்துக்குப் பதில் கோபுரம் வேண்டாம், சுழலும் சக்கரம் கட்டுவோம்” என்ற யோசனையோடு முன்வந்தார். 264 அடி உயரம், 36 கூண்டுகள், கூண்டுக்கு 60 பேர் வீதம் ஒரே சமயத்தில் 2160 பேர். சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் இழுவிசையில் நிற்பதுபோலவே இந்தச் சக்கரத்தையும் இழுவிசைக் கம்பிகளே தாங்கின.

பொருட்காட்சி முடிந்தது. சக்கரம் பிரிக்கப்பட்டு அதே நகரத்தில் வேறோரிடத்தில் நிறுத்தப்பட்டது. கூட்டம் வரவில்லை. ஃபெர்ரிஸ் 1896இல் 37 வயதிலேயே இறந்துபோனார். சக்கரம் 1904இல் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சிக்குப் போனது. 1906இல் அதை வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக விற்றார்கள். பொருள் அழிந்தது, எண்ணம் பிழைத்தது. வீரபாண்டித் திடலில் நீங்கள் ஏறுவது அந்த எண்ணத்தின் மீதுதான்.

பொருட்காட்சிக் கட்டிடங்களின் இயல்பான முடிவு இதுவே. அவை ஆறு மாதம் நிற்பதற்காகக் கட்டப்படுபவை. இந்த வரிசையின் மூத்த பிள்ளையான லண்டன் ‘பளிங்கு மாளிகை’ (1851) கூட அப்படித்தான். தோட்டக்கலை வல்லுநரான ஜோசப் பாக்ஸ்டன் செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளைக் கட்டிப் பழகியவர். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு சுமார் மூன்று லட்சம் கண்ணாடித் தகடுகளையும் ஒரே அளவில் வார்த்த இரும்புத் துண்டுகளையும் பூட்டி ஒரு மாளிகையை எழுப்பினார். பூட்டியதைக் கழற்றவும் முடியும் அல்லவா? கழற்றி, நகருக்குத் தெற்கே சிடன்ஹாம் என்ற இடத்தில் 1854இல் மீண்டும் நிறுத்தினார்கள். 1936 நவம்பரில் ஒரே இரவில் எரிந்து போயிற்று. பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகையைப் பார்த்தவர்கள் அதன் சாயலை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

இயற்பியல் காப்பாற்றிய கோபுரம்

ஈஃபெல் கோபுரத்துக்கும் இந்தக் கதிதான் காத்திருந்தது. அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அது எப்படிப் பிழைத்தது என்பது பலருக்குத் தெரியாது. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அந்தப் பகுதிதான் பிடித்தமானது.

300 மீட்டர் உயரம். 18,038 இரும்புத் துண்டுகள். 25 லட்சம் தறையாணிகள். இரும்பின் எடை ஏறத்தாழ 7300 டன். எண்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். கோபுரத்தின் அடி, பக்கத்துக்கு 125 மீட்டர் உள்ள ஒரு சதுரம். 7300 டன் இரும்பையும் உருக்கி அந்தச் சதுரத்தில் ஊற்றினால் எவ்வளவு உயரம் நிற்கும்? இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 7.8 டன். பருமன் 936 கன மீட்டர். சதுரத்தின் பரப்பு 15,625 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஆறே சென்டிமீட்டர்! கணுக்கால்கூட நனையாத அளவு இரும்பைத்தான் ஈஃபெலின் பொறியாளர்கள் 300 மீட்டர் உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். கோபுரம் பெரும்பாலும் வெற்றிடம். அதனால் காற்று அதைத் தள்ளுவதற்குப் பிடி கிடைப்பதில்லை. ஊடே புகுந்து போய்விடுகிறது. நான்கு கால்களும் கீழே வரவர அகன்று வளைவதும் காற்றின் விசையைக் கணக்கிட்டு அமைந்ததே தவிர, அழகுக்காக மட்டும் அன்று.

வெயில் காலத்தில் கோபுரம் வளரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரும்பின் நீள்விரிவுக் கெழு டிகிரிக்கு 0.000012. வெப்பநிலை 40 டிகிரி மாறினால் 300 × 0.000012 × 40, அதாவது 14 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருவது பாரிசில் கண்ணெதிரே நடக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஒப்பந்தம் இருபது ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு கோபுரம் நகராட்சிக்குச் சொந்தம். அவர்கள் விரும்பினால் பிரித்து விற்கலாம். கட்டும்போதே மாப்பசான் போன்ற எழுத்தாளர்களும் கலைஞர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். இருபது ஆண்டு கழிந்தால் தொல்லை விட்டது என்று காத்திருந்தவர்கள் பலர்.

குஸ்தாவ் ஈஃபெல் தந்திரசாலி. அழகைக் காட்டி இந்தக் கோபுரத்தைக் காப்பாற்ற முடியாது, பயனைக் காட்டித்தான் காப்பாற்ற முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் தளத்தின் நெற்றியைச் சுற்றி லாவாசியே, லாப்லாஸ், ஆம்பியர், கூலும், ஃபூரியே, ஃபூக்கோ என 72 அறிஞர்களின் பெயரைப் பொறித்தார். (அந்த 72இல் ஒரு பெண் பெயர்கூட இல்லை. கணித மேதை சோஃபி ஜெர்மைனை மறந்துவிட்டார்கள் என்று அன்றிலிருந்து குறை சொல்லி வருகிறார்கள், நியாயமான குறை.) உச்சியில் வானிலை ஆய்வுக்கு இடம் தந்தார். இரண்டாம் தளத்திலிருந்து பொருள்களை விழச் செய்து காற்றின் தடையை அளந்தார். கோபுரத்தின் காலடியிலேயே 1909இல் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்தார்.

ஆனால் கோபுரத்தை உண்மையில் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தி. 1898இல் யூஜின் துக்ரெத்தே என்பவர் உச்சியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாந்தியோன் கட்டிடத்துக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். பின்னர் ராணுவ அதிகாரி ஃபெர்ரியே கோபுரத்தையே வான்கம்பமாகப் பயன்படுத்தத் தொடங்கினார். உயரம் கூடினால் அலை செல்லும் தொலைவும் கூடும். பாரிசில் இதைவிட உயரமான கம்பம் கிடையாது. எனவே 1910இல் இருபதாண்டு ஒப்பந்தம் இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

அதே 1910இல் இன்னொன்றும் நடந்தது. தியோடோர் வுல்ஃப் என்ற பாதிரியார் ஒரு மின்னோக்கியை எடுத்துக்கொண்டு கோபுரத்தின் உச்சிக்கு ஏறினார். காற்றை அயனியாக்கும் கதிர்வீச்சு பூமியிலிருந்து வருகிறது என்பது அக்காலத்துக் கருத்து. அப்படியானால் 300 மீட்டர் உயரத்தில் அது பெரும்பாலும் மறைந்துவிட வேண்டும். மறையவில்லை. குறைந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இரண்டாண்டு கழித்து விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி, அந்தக் கதிர்கள் விண்வெளியிலிருந்து வருகின்றன என்று காட்டி நோபல் பரிசு பெற்றார். இவையே காஸ்மிக் கதிர்கள். எங்கள் மாவட்டத்தில் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டதும் இந்தக் கதிர்களை மலையால் தடுப்பதற்காகத்தான். அதைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை.

நடுவக்கரையில் ஒரு பொருட்காட்சி

இனி நம் ஊருக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் தொடக்கம். நம் மாநிலத்துக்கு இன்னும் சென்னை மாநிலம் என்றே பெயர். அண்ணா முதலமைச்சர். ஜனவரி முதல் வாரத்தில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்து முடிந்த கையோடு, அதே மாதம் நகரின் மேற்கே நடுவக்கரை என்ற கிராமப் பகுதியில் பன்னாட்டு வர்த்தக, தொழிற் பொருட்காட்சி தொடங்கியது. உலக வர்த்தகப் பொருட்காட்சி என்றே மக்கள் அதைச் சொன்னார்கள். ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: பாரிசில் உள்ள பன்னாட்டு அமைப்பின் ஏட்டில் அந்த ஆண்டுக்குரிய பொருட்காட்சியாகப் பதிவாகியிருப்பது அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடந்ததே தவிர நம்முடையது அன்று. அங்கேயும் ஒரு கோபுரம் கட்டினார்கள். அதுவும் இன்றும் நிற்கிறது. ஒரே ஆண்டில், ஒன்றையொன்று அறியாமல் பிறந்த இரண்டு கோபுரங்கள்.

நம் கோபுரத்தின் உயரம் 135 அடி, அதாவது 41 மீட்டர். பன்னிரண்டு அடுக்குகள். கட்டியவர் கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான். திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வி.வி. கிரி, அண்ணாவும் உடனிருந்தார். கோபுரத்துக்கு விசுவேசுவரய்யாவின் பெயர் சூட்டப்பட்டது. காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணையை எழுப்பிய பொறியாளர் அவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1962இல்தான் மறைந்தார். அணைக்கட்டின் அருமையை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பென்னிகுக் படம் மாட்டாத கடை கம்பம் பள்ளத்தாக்கில் அபூர்வம்.

பொருட்காட்சி முடிந்தது. அரங்குகள் போயின. மனைகள் பிரிக்கப்பட்டன, வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புகள் எழுந்தன, அண்ணாவின் பெயரால் அண்ணா நகர் உருவாயிற்று. கோபுரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதைச் சுற்றிச் சுமார் 15 ஏக்கர் பூங்காவாக விடப்பட்டது.

ஏன் பிரிக்கவில்லை? முதல் காரணம் எளிது: பிரிக்க முடியாது. ஈஃபெல் கோபுரத்தையும் ஃபெர்ரிஸ் சக்கரத்தையும்போல இது பூட்டிய இரும்பன்று, வார்த்த கான்கிரீட். இதை இடிக்கலாம், பிரித்து வேறிடத்தில் வைக்க வழியில்லை. ஆனால் இடிக்கக்கூட யாரும் நினைக்காததற்குக் காரணம் வேறு. கோபுரத்துக்கு உடனே ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஊரை உயரத்திலிருந்து பார்க்கும் ஆசையைத் தீர்க்கும் வேலை.

மேலேறினால் எவ்வளவு தூரம் தெரியும்? பூமி உருண்டை என்பதால் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. பூமியின் மையம், உங்கள் கண், தொடுவானப் புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுச் சுருக்கினால், தொலைவின் வர்க்கம் = 2 × பூமியின் ஆரம் × உயரம். ஆரம் 6370 கிலோமீட்டர், உயரம் 41 மீட்டர் என்று வைத்தால் விடை ஏறத்தாழ 23 கிலோமீட்டர். தரையில் நிற்பவருக்கு இது நாலரை கிலோமீட்டர்தான், அதுவும் எதிரே வீடோ மரமோ இல்லாவிட்டால். அண்ணா நகரிலிருந்து கடற்கரை நேர்கோட்டில் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. பரங்கிமலையும் அதே அளவு தொலைவில்தான். ஆகவே 1968இல், இடையில் உயர்ந்த கட்டிடங்கள் இல்லாத நாளில், ஒரு தெளிந்த காலைப்பொழுதில் மேலே நின்ற மனிதர் ஒரு பக்கம் மலையையும் மறுபக்கம் கடலையும் பார்க்க முடிந்திருக்கும்.

கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் எதற்காகவோ, அதற்காகவே இங்கும் இந்தச் சுற்றல். நேராக ஏறினாலும் சுற்றி ஏறினாலும் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை ஒன்றுதான். 60 கிலோ எடையுள்ளவர் 41 மீட்டர் ஏறினால் 60 × 9.8 × 41, ஏறக்குறைய 24,000 ஜூல். சாய்வு எட்டுக்கு ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நடக்க வேண்டிய தூரம் எட்டு மடங்காகும். ஒவ்வோர் அடிக்கும் தேவையான விசை எட்டில் ஒரு பங்காகும். மூச்சு வாங்காமல் பாட்டியும் ஏறலாம். சரி, இந்த 24,000 ஜூலுக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்? நம் தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன என்று கொண்டால், சுமார் 23 கிலோ கலோரி. அரை இட்லி! கோபுரம் ஏறி இறங்கியதும் ஒரு தட்டு பஜ்ஜி வாங்கித் தரச் சொல்லி என் அக்கா மகள் கேட்டபோது இந்தக் கணக்கைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

பூட்டிய கதவு

நான் சென்னையில் எம்.எஸ்ஸி. படித்த நாட்களில் இந்தக் கோபுரத்தில் ஏற முடியாது. சில துயர நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, பாதுகாப்புக் கருதி 2011 வாக்கில் அதை மூடிவிட்டார்கள். பூங்காவுக்குப் போவேன், நிழலில் உட்கார்ந்து படிப்பேன், அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவேன். கீழே நடைப்பயிற்சி செய்வோர் அதைத் திரும்பிப் பார்த்ததாகவே நினைவில்லை. 2017இல் அந்தப் பக்கம் மெட்ரோ ரயில் வந்தது. நிலையத்துக்கு ‘அண்ணா நகர் கோபுரம்’ என்றே பெயர் வைத்தார்கள். ஏற முடியாத கோபுரத்தின் பெயரில் ஒரு ரயில் நிலையம்!

மூடிக் கிடப்பது கான்கிரீட்டுக்கு ஏன் ஆகாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு சாக்பீஸை எடுத்து இரு முனைகளையும் பிடித்து நீளவாக்கில் அமுக்கிப் பாருங்கள், எளிதில் உடையாது. வளைத்துப் பாருங்கள், பட்டென்று முறியும். கான்கிரீட்டும் அப்படியே. அமுக்கத்துக்கு அஞ்சாது, இழுப்புக்கு அஞ்சும். வளையும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது அல்லவா? அந்தப் பக்கத்தில் எஃகுக் கம்பியைப் புதைக்கிறார்கள். இரண்டும் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன. இல்லாவிட்டால் ஒவ்வொரு கோடையிலும் கம்பியும் கான்கிரீட்டும் பிணங்கிப் பிரிந்துவிடும். நம் 41 மீட்டர் கோபுரம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 8 மில்லிமீட்டர் உயரும்; உள்ளிருக்கும் கம்பியும் சேர்ந்தே உயரும்.

புதுக் கான்கிரீட் காரத்தன்மை மிக்கது. அந்தக் காரம் கம்பியின் மீது ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கித் துருவிடாமல் காக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக உள்ளே புகுந்து காரத்தைத் தணிக்கிறது. படலம் போகிறது, ஈரம் சேர்கிறது, கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து தள்ள, மேல் பூச்சு விரிசல் விட்டுப் பெயர்கிறது. உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தில் கம்பி பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே நோய்தான். ஈஃபெல் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழாண்டுக்கு ஒருமுறை முழுவதும் வண்ணம் பூசுகிறார்கள். இரும்பு துருப்பிடிக்கும் என்பது எல்லார்க்கும் தெரியும், ஆகவே கவனிக்கிறார்கள். கான்கிரீட்டைக் கல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். ஆள் நடமாட்டம் உள்ள கட்டிடத்தில் முதல் விரிசலை யாராவது பார்த்துச் சொல்வார்கள். பூட்டிய கட்டிடத்தில் யார் சொல்வது?

நல்லவேளையாக 2023 மார்ச் மாதம் கோபுரத்தைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகக் கம்பித் தடுப்புகள் போட்டிருக்கிறார்கள். மேலே போய் நின்றபோது கம்பிகளுக்கு இடையே கண்ணை வைத்துத்தான் ஊரைப் பார்க்க வேண்டியிருந்தது. அது எனக்குக் குறையாகப் படவில்லை. பூட்டுக்குக் கம்பி எவ்வளவோ மேல்.

டெல்லியில் நடந்தது

எல்லாக் கட்டிடங்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சென்னைப் பொருட்காட்சிக்கு நான்கு ஆண்டு கழித்து, சுதந்திரத்தின் வெள்ளி விழா ஆண்டான 1972இல், டெல்லி பிரகதி மைதானத்தில் ‘ஏஷியா 72’ என்ற பன்னாட்டு வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காக எழுந்தது ‘நாடுகளின் மண்டபம்’. கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவல். பொறியாளர் மகேந்திர ராஜ். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 78 மீட்டர் அகலத்தை மூடிய மண்டபம் அது.

தூணில்லாமல் எப்படி நின்றது? நான்கு துடைப்பக் குச்சிகளை மூலைகளில் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் பிணைத்து ஒரு சதுரம் செய்யுங்கள். ஓரத்தில் தள்ளினால் சாய்ந்து சப்பையாகிவிடும். மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்யுங்கள். என்ன தள்ளினாலும், குச்சி ஒடியும்வரை வடிவம் மாறாது. முக்கோணத்தின் பக்கங்கள் மாறாமல் கோணம் மாற முடியாது என்ற எளிய வடிவியல் உண்மைதான் காரணம். இந்த முக்கோணங்களை நான்கு பக்கமும் மேலும் கீழும் அடுக்கிக்கொண்டே போனால் ஒரு வெளிச்சட்டகம் கிடைக்கும். ஒவ்வொரு குச்சியும் இழுபடும் அல்லது அமுக்கப்படும், வளைவதற்கு அதிகம் இடமிருக்காது. எனவே குறைந்த பொருளில் பெரிய கூரை.

வேறு நாடுகளில் இதற்கு எஃகுக் குழாய்களைப் பயன்படுத்துவார்கள். அன்றைய இந்தியாவில் எஃகு விலை மிகுந்த சரக்கு. ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே முக்கோணச் சட்டகம் முழுவதையும் அந்த இடத்திலேயே கான்கிரீட்டில் வார்த்துவிட்டார்கள். பல கோணங்களிலிருந்து வரும் குச்சிகள் ஒரே முடிச்சில் கூடும் இடத்தில் கம்பிகளை நுழைத்து, பலகை அடைத்து, கலவை ஊற்றுவது எத்தகைய வேலை என்பது கட்டிடத் தொழிலாளர்களுக்குத்தான் தெரியும். அந்த அளவில் கான்கிரீட் வெளிச்சட்டகத்தை அதற்கு முன் உலகில் எவரும் கட்டியதில்லை. என்னைக் கேட்டால், சுதந்திர இந்தியாவின் பொறியியலில் ஒரே ஒரு கட்டிடத்தைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

காட்டத்தான் முடியாது. 2017 ஏப்ரலில் அதை ஓர் இரவில் இடித்துவிட்டார்கள். புதிய மாநாட்டு வளாகம் கட்ட இடம் வேண்டியிருந்தது. கட்டிடக் கலைஞர்கள் வழக்குத் தொடுத்தார்கள், உலகெங்கிலுமிருந்து வேண்டுகோள்கள் வந்தன. மரபுச் சின்னமாகக் கருதுவதற்குக் கட்டிடத்துக்கு அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று டெல்லியில் உரிய குழு அளவுகோல் வைத்தது. மண்டபத்துக்கு அப்போது வயது 45. அந்த இடத்தில் எழுந்த பாரத் மண்டபம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. அண்ணா நகர்க் கோபுரம் மீண்டும் திறந்த நான்காம் மாதம்.

கட்டிடத்தின் அறுபது வயது என்பது விந்தையான அளவுகோல். மனிதர் கட்டியது பழையதானால்தான் மதிப்பு என்றால், நடுவயதைத் தாண்டும்வரை அதை யார் காப்பது? அண்ணா நகர்க் கோபுரத்துக்கு 2028இல் அறுபது நிறைகிறது. நடுவில் ஒரு பன்னிரண்டு ஆண்டு பூட்டுக்குள் கழிந்தது.

மாணவ நண்பர்களே, சென்னைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் வடிவியல் பெட்டியிலிருந்து 45 பாகை மூலைமட்டத்தை எடுத்துச் செல்லுங்கள். அதன் ஒரு குறும்பக்கம் தரைக்கு இணையாக இருக்கும்படி பிடித்து, நீண்ட பக்கத்தின் வழியே கோபுர உச்சியைப் பாருங்கள். தெரியும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். தெரிந்ததும் நின்று, அங்கிருந்து கோபுரத்தின் நடுப்புள்ளி வரையுள்ள தூரத்தை அளந்து, உங்கள் கண் உயரத்தைக் கூட்டுங்கள். அதுவே கோபுரத்தின் உயரம். என் அக்கா மகள் அளந்தபோது 38 மீட்டர் வந்தது. மூன்று மீட்டர் எங்கே போயிற்று என்று சாயங்காலம் வரை மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். இரவு சாப்பிடும்போது அவளே சொன்னாள்: “மாமா, நான் சுவர் வரைக்கும்தான் அளந்தேன்.”